படத்துக்குக் கொடுத்த பெயர்

முதல் கண்ணாடித் தகட்டை ஹினாதினியின் இருமல் கெடுத்தது.

கறுப்புக் கூடாரத்துக்குள் போன படக்காரத் துரை, தகட்டை ஈரம் சொட்டச் சொட்டத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வெயிலில் காட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். அவர் பேச்சை ஹனாபேவா பள்ளத்தாக்கு ஜனங்களுக்கு மாற்றிச் சொல்ல மோத்து இருந்தான். திமிங்கில வேட்டைக் கப்பலில் ஏறி உலகத்தைச் சுற்றிவிட்டு, முன்பற்களைத் தொலைத்து ஊர் திரும்பியவன்.

"என்னடா சொல்றார்?" என்று கேட்டார் புஹேதே. பள்ளத்தாக்கின் தலைவியான ஹினாதினிக்கு அவர் சித்தப்பா. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பச்சை குத்திய கடைசி ஆண்பிள்ளை.

"தலைவியம்மாவுக்கு மூணு முகம் விழுந்திருக்காம் பெரியவரே. மூணுலயும் மூக்கக் காணோமாம்."

"சிரிக்காதடா."

"நான் எங்க சிரிச்சேன்? பல்லு இல்லாத வாய், அப்படித் தெரியுது."

ஹினாதினிதான் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அவளை இரண்டாக மடித்தது. பக்கத்தில் குந்தியிருந்த தேபுவா இலையை நீட்டினாள். துப்பியது சிவப்பாக இருந்தது. யாரும் பார்ப்பதற்குள் தேபுவா இலையைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டாள். தலைவியின் எச்சில் வேண்டாதவன் கையில் கிடைத்தால் அவள் உயிரே அவன் கையில். அதை யாருக்கும் தெரியாத இடத்தில் புதைப்பது தேபுவாவின் வேலை. சின்ன வயசிலிருந்தே அவள் வேலை அதுதான். சமீபகாலமாக ஒரு நாளில் பல தடவை மண்ணைத் தோண்ட வேண்டியிருந்தது.

"இன்னொரு தகடு போடறாராம். தேங்கா ஒண்ணு உரிக்கிற நேரம் மூச்சடக்கி அசையாம இருக்கணுமாம்," என்றான் மோத்து.

"மூச்சடக்கினா மூச்சே போயிடும்னு சொல்லு. அதுக்கப்புறம் நல்லாவே அசையாம இருப்பேன். ஆசை தீர எடுத்துக்கட்டும்," என்றாள் ஹினாதினி.

மோத்து அதை எப்படி மாற்றிச் சொன்னானோ, துரை தொப்பியைக் கழற்றி அவளை வணங்கினார். பிறகு கப்பல் நிற்கும் விரிகுடாவைக் காட்டி என்னவோ சொன்னார். காற்று திரும்புவதற்குள் கிளம்ப வேண்டுமாம். தீவுகளில் மிச்சமிருக்கும் ராஜாக்கள் ராணிகள் முகங்களையெல்லாம் ஒரே புத்தகமாகப் போடப் போகிறாராம். மலைமுகட்டுக்கு அந்தப் பக்கத்துத் தலைவன் நேற்றே படத்துக்கு உட்கார்ந்துவிட்டானாம். முடியாதென்றால் பரவாயில்லை, இந்தப் பள்ளத்தாக்கை விட்டுவிடுகிறாராம்.

புஹேதேயின் முகத்தில் பச்சைக் கோடுகளுக்கு நடுவே என்ன ஓடியது என்று யாருக்கும் தெரியவில்லை.

"விடக் கூடாது," என்றார். "கொடி நட்டுத் தீவைப் பிடிச்ச அந்தக் கொடிக்காரங்க போன தடவை வந்தப்பவே கேட்டானுங்க. உங்க பள்ளத்தாக்குல தலைவர்னு யாராச்சும் மிச்சம் இருக்காங்களா, இல்ல முகட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கறவன்கிட்டயே உங்களையும் சேத்துடலாமான்னு. அவன் முகம் அந்தப் புத்தகத்துல இருந்து, நம்ம முகம் இல்லேன்னா?"

"சித்தப்பா, என் முகம் மூணு இருக்காமே. ஒண்ணு அதுல குடுங்க."

"விளையாடாத ஹினா."

ஹினாதினி பாயில் சாய்ந்து கண்ணை மூடினாள். மூடியபடியே கேட்டாள்: "தொரைக்கு என்னை முன்னாடி தெரியுமா?"

"தெரியாது."

"அப்போ தேபுவாவ உக்கார வைங்க. நல்ல மூக்கு. இருமவும் மாட்டா."

தேபுவாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன அக்கா பேச்சு இது? அந்தத் தலையணிய நான் வெச்சா என் தலை அழுகிப் போயிடும்."

அது சும்மா சொன்ன பேச்சல்ல. ஆமை ஓட்டிலும் முத்துச் சிப்பியிலும் செதுக்கிய அந்தத் தலையணியை ஹினாதினி என்ற பெயர் உள்ளவள் மட்டுமே சூடலாம். அவளுடைய பாட்டிக்கும் அதே பெயர். வேறு யார் தொட்டாலும் உடம்பு வீங்கிச் செத்துப்போவார்கள் என்பதில் அந்தப் பள்ளத்தாக்கில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கொடிக்காரர்கள் வந்தார்கள், பாதிரியார் வந்தார், அம்மை வந்தது, பாதிப் பள்ளத்தாக்கு போயிற்று. அந்த நம்பிக்கை மட்டும் போகவில்லை.

"தலை அழுகாம இருக்க வழி இருக்குடி," என்றாள் ஹினாதினி. "பேர் மாத்திக்கலாம்."

தேபுவா புஹேதேயைப் பார்த்தாள். அவர் கத்துவார், கையில் இருப்பதை எறிவார் என்று நினைத்தாள். அவர் மெல்லச் சொன்னார்: "போபோய் கொண்டு வாங்க. ஒரே கிண்ணம்."

*

பெயர் மாற்றிக்கொள்வதில் பெரிய சடங்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒருமுறை மாற்றினால் மாற்றியதுதான். போபோய் என்ற புளித்த ஈரப்பலாக் களியை ஒரே கிண்ணத்திலிருந்து ஒருவர் வாயில் ஒருவர் ஊட்ட வேண்டும். இருவரும் விழுங்க வேண்டும். மூக்கோடு மூக்கு வைத்து அவரவர் பெயரை மற்றவர் மூச்சுக்குள் சொல்ல வேண்டும். குடும்பத்துப் பெரியவர் ஒருவர் பார்த்திருக்க வேண்டும். அதோடு முடிந்தது. இவள் வீடு அவளுக்கு, இவள் எதிரி அவளுக்கு, இவள் உறவு அவளுக்கு. திருப்பிக்கொள்வதற்கும் அதே வழிதான், அதே கிண்ணம், அதே இரண்டு வாய்கள்.

அதற்கு முன்னால் வீட்டுக்குள் இன்னொரு வேலை இருந்தது. ஹினாதினியின் கைகளில் விரல் நுனி வரை பச்சை உண்டு. தேபுவாவுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு வளைவும் கணுக்காலில் ஒரு வரியும்தான். துரைக்குப் பச்சைதான் முக்கியம் என்றான் மோத்து. எண்ணெய்க்கொட்டையை எரித்த கரியைக் குழைத்து, ஹினாதினியே தன் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துத் தேபுவாவின் கையில் வரைந்தாள்.

"நகத்தெல்லாம் எப்படி வெச்சிருக்க பாரு. மண்ணு."

"உங்க எச்சிலைப் புதைச்ச மண்ணுதான்."

"வாய் நீண்டுடுச்சு. ராணியாகறதுக்கு முன்னாடியே." ஹினாதினி மூச்சு வாங்கக் காத்திருந்து, திரும்ப வரைந்தாள். "இது மீன்முள்ளு. இது என் பாட்டியோட அம்மா. இது... இது என்னன்னு மறந்துட்டேன்."

"அக்கா, எனக்குப் பயமா இருக்கு."

"சாயங்காலம் திருப்பிடலாம். தொரை கப்பல் ஏறினதும்." அவள் தேபுவாவின் விரலை ஒவ்வொன்றாக ஊதிக் காயவைத்தாள். "அவருக்கு ஒரு மூஞ்சி வேணும். சித்தப்பாவுக்கு ஒரு பேரு வேணும். எனக்கு ஒண்ணும் வேண்டாம்டி. மேயேவுல பிள்ளைங்க பக்கத்துல ஒரு கல்லு எடம். அவ்வளவுதான். வேற யார் மறந்தாலும் நீ மறக்காத."

"சத்தியமா மறக்கமாட்டேன்."

மேயே என்பது பள்ளத்தாக்கின் தலைமாட்டில், பெரிய ஆலமரத்தடியில் இருக்கும் கல்மேடை. தலைவர்களின் எலும்புகள் மட்டுமே அங்கே போகும். ஹினாதினியின் மூன்று பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். மூவரையும் ஒரே அம்மை ஒரே மழைக்காலத்தில் கொண்டுபோயிற்று. தேபுவா கூடை சுமந்து மதில் வரை போயிருக்கிறாள். மதிலைத் தாண்ட அவளுக்கு உரிமை கிடையாது.

வெளியே வந்து ஊட்டிக்கொண்டார்கள். மூக்கு வைத்தார்கள். "ஹினாதினி," என்றாள் ஹினாதினி. சூடான, இரும்பு வாடை அடிக்கும் மூச்சு. "தேபுவா," என்றாள் தேபுவா. அவளுக்குக் குரல் வரவில்லை. புஹேதே இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள்.

துரை அவளைப் பாயில் உட்கார வைத்தார். தலையணி கனத்தது. பெட்டிக்குப் பின்னால் போய்க் கறுப்புத் துணிக்குள் நுழைந்தவர் திரும்ப வெளியே வந்து, தலை ஆடாமல் இருக்க ஓர் இரும்புக் கவையைக் கொண்டுவந்து அவள் பிடரியில் பொருத்தினார். சரிசெய்வதற்காக இரண்டு கைகளாலும் அவள் தலையைப் பிடித்துத் திருப்பினார்.

கூட்டம் முழுவதும் ஓலமிட்டது.

அதுவரை யார் வேண்டுமானாலும் குட்டிய தலை அது; இனி யாரும் தொடக் கூடாத தலைவியின் தலை. அவள் அண்ணன் கோஹூ நேற்றுக்கூட அதில் தட்டினான். இப்போது கோஹூ முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் குப்புற விழுந்திருந்தான். அவனைப் பார்த்தபோதுதான் தேபுவாவுக்குப் புரிந்தது: இவர்கள் நடிக்கவில்லை.

"அசையாதீங்கன்னு சொல்றார் தாயே," என்றான் மோத்து. நேற்று வரை அவளை 'ஏ கறுப்பி' என்று கூப்பிட்டவன்.

அவள் அசையவில்லை.

*

கப்பல் போன பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தேபுவா உள்ளே போனாள்.

"அக்கா, திருப்பிடலாம். பெரியவரக் கூப்பிடட்டுமா?"

ஹினாதினிக்குக் காய்ச்சல் கொதித்தது. "நாளைக்கு. தலை வெடிக்குது. எழுந்து உக்காரக்கூட முடியல." பிறகு, வேறு குரலில்: "ஏண்டி, தேபுவா தலையை யார் வேணா தொடலாம் இல்ல?"

"தொடலாம்."

"இப்போ தேபுவா யாரு?"

ஹினாதினி பாயோடு நகர்ந்து வந்து, தலையைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள்.

ஒரே முலையில் பால் குடித்த இரண்டு பேர். தேபுவாவின் அம்மாதான் இருவருக்கும் கொடுத்தாள். ஆனாலும் அந்தத் தலையைத் தேபுவா ஒருநாளும் தொட்டதில்லை. அதற்கு மேலாகக் கை நீட்டியதில்லை, அது படுத்திருக்கும்போது நின்றதுகூட இல்லை. இப்போது அது மடியில் இருந்தது. எதிர்பார்த்ததைவிட லேசாக இருந்தது. முடிக்கு நடுவே ஒரு பழைய தழும்பு. இது எப்போது பட்டது? அதுகூட அவளுக்குத் தெரியாது.

"பிடிச்சு விடு. நெத்தியில. அங்கதான்." ஹினாதினியின் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. "என்னைப் பெத்தவகூட இப்படித் தொட்டதில்லடி. பொறந்த அன்னிக்கே நான் அவளுக்கு மேல. என் தலை அவ மடிக்கு ஆகாது. இவ்வளவு நல்லா இருக்கும்னு யாராச்சும் சொல்லியிருக்கலாம்."

மறுநாள் தேபுவா கேட்டாள். "நாளைக்கு," என்றாள் ஹினாதினி. அதற்கு மறுநாளும் அதையேதான் சொன்னாள்.

காய்ச்சல் தணிந்த நாட்களில் அவள் ஆற்றோரம் கோஹூவின் குடிசைக்குப் போனாள். தலைவி நடந்தால் நடந்த மண் யாருக்கும் ஆகாமல் போகும் என்பதால், வளர்ந்த நாளிலிருந்து அவள் அந்தப் பக்கம் கால் வைத்ததே இல்லை. தேபுவாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. கோஹூவின் மனைவி அவள் தலையை வெயிலில் சாய்த்துப் பேன் பார்த்தாள்.

"ஒண்ணுகூட இல்லியே. என்ன தலை இது, வெத்துத் தலை," என்றாளாம் அவள்.

"வளத்துக் குடு. எனக்கும் ரெண்டு வேணும்," என்றாளாம் ஹினாதினி.

தேபுவா மேலே, பெரிய வீட்டில், தலைவியின் பாயில் உட்கார்ந்து இதையெல்லாம் கேள்விப்பட்டாள். அவளால் கீழே இறங்க முடியாது. அவள் மிதித்தால் அண்ணனின் குடிசை அண்ணனுக்கு இல்லை. சாயங்காலமானால் ஹினாதினி திரும்பி வருவாள், மூச்சிரைக்க, ஆற்றுத் தண்ணீர் வாசத்தோடு. வந்ததும் மடி.

"அக்கா, நாள் தள்ளாதீங்க. மேயேவுக்குப் பேர்தான் வழி. பேரில்லாம உங்கள யாரு அங்க ஏத்துவாங்க?"

"எனக்குத் தெரியாதா? சாகறவளுக்கு முந்தின நாளே தெரியும்டி. எங்கப்பா சொல்லிட்டுத்தான் செத்தார், எங்க பாட்டியும் சொல்லிட்டுத்தான் செத்தா. அந்த முந்தின நாள் திருப்பிடறேன்."

"தெரியாமப் போச்சுன்னா?"

"திருப்பிட்டா உன் கைய எடுத்துடணும். அது உனக்குப் புரியுதா?"

தேபுவாவுக்குப் புரிந்தது. அவள் விரல்கள் முடிக்குள்ளேயே இருந்தன. வற்புறுத்தியிருக்கலாம். கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்து, பெரியவரைக் கூப்பிட்டு, வாயைத் திறங்கள் என்றிருக்கலாம். அவளுக்கும் அந்தத் தலையை மடியிலிருந்து இறக்க மனம் வரவில்லை.

*

முந்தின நாள் ஹினாதினிக்கு ஒன்றும் தெரியவில்லை. கோஹூவின் பிள்ளைகளோடு இறால் பிடித்துவிட்டு வந்தாள்.

மறுநாள் உச்சி வெயிலில், தேபுவாவின் மடியில் படுத்து, கோஹூவின் மனைவி எப்படிக் குறட்டை விடுவாள் என்று செய்து காட்டிக்கொண்டிருந்தாள். குறட்டை பாதியில் இருமலானது. இருமல் ரத்தமானது. இலை போதவில்லை. தேபுவா கையை ஏந்தினாள். கையும் போதவில்லை.

"பெரியவரே! கிண்ணம்! கிண்ணத்த எடுத்துட்டு ஓடி வாங்க!"

புஹேதே வந்தார். ஓடி வரவில்லை. வயசான கால், ஓட முடியாது என்றுதான் அப்போது தேபுவா நினைத்தாள். வாசலில் அவர் நிழல் விழுந்தபோது ஹினாதினியின் கண்கள் கூரையைப் பார்த்து நின்றுவிட்டிருந்தன.

தேபுவா களியை விரலில் அள்ளி அந்த வாய்க்குள் வைத்தாள். "முழுங்குங்க அக்கா. ஒரு வாய். ஒரே ஒரு வாய்." மூக்கோடு மூக்கு வைத்தாள். "ஹினாதினி. ஹினாதினி. உங்க பேரு, எடுத்துக்கங்க. ஹினாதினி." களி ரத்தத்தோடு கலந்து உதட்டோரம் வழிந்தது. அதைத் துடைத்து மறுபடி வைத்தாள். வாசலில் கூடியவர்கள் ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"போதும் தாயே," என்றார் புஹேதே. "அவ முழுங்க மாட்டா."

"இவங்கள மேல கொண்டு போகணும். பிள்ளைங்க பக்கத்துல. ஆளுங்களச் சொல்லுங்க."

"தேபுவாவுக்கு அங்க எடம் இல்ல."

"பெரியவரே, இது உங்க அண்ணன் மக."

"என் அண்ணன் மக எனக்கு எதிர்ல உக்காந்திருக்கா. கையெல்லாம் ரத்தமா."

"நான் தலைவின்னா நான் சொல்றேன். கட்டளையிடறேன். தூக்குங்க."

"கட்டளை இடலாம். பல்லக்கு, பன்னி, பாய், எத வேணா கொண்டு வரச் சொல்லுங்க, வரும். கீழ இருக்கறவங்களை மேல ஏத்தச் சொல்ல எந்தத் தலைவிக்கும் வாயில்ல. உங்க பாட்டிக்கே இல்ல." அவர் குந்தி உட்கார்ந்தார். குரல் தணிந்தது. "நான் கெட்டவன்னு நினைக்கிறீங்க. நினைச்சுக்கங்க. அவ அந்தப் பேரோட செத்திருந்தா இன்னிக்கு ஹனாபேவா முடிஞ்சுது. பிள்ளை இல்ல, தங்கச்சி இல்ல, ஆம்பளைக்கு அந்தப் பேர் வராது. கொடிக்காரன் நம்ம ஈரப்பலா மரத்தையெல்லாம் முகட்டுக்காரனுக்கு எழுதிக் குடுத்துடுவான். இப்போ கேட்டான்னா, இருக்காங்க, இதோ உக்காந்திருக்காங்கன்னு சொல்லுவேன். படமே இருக்கு, போய்ப் பாருன்னு சொல்லுவேன்."

"முன்னாடியே நினைச்சுட்டீங்க. அன்னிக்கு ஒரே கிண்ணம்னு சொன்னப்பவே."

அவர் பாயோரம் கிடந்த கிண்ணத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"ஒரு பொட்டுக் கண்ணீராச்சும் விடுங்களேன். தோள்ல தூக்கி வளத்தீங்களே."

"எப்படி விடறது?" புஹேதேயின் வாய் கோணியது. "செத்தது தேபுவா. எனக்கும் அவளுக்கும் என்ன உறவு? அழுதா, செத்தது யாருன்னு ஊர் கேக்காதா? நான் அழற அன்னிக்குப் பேரும் போச்சு, அவ செத்ததும் வீண்." எழுந்திருக்கத் தூணைப் பிடித்தார். பிடித்த கை வெகுநேரம் அந்தத் தூணை விடவில்லை.

கோஹூ வந்தான். பிணத்தைப் பார்த்தான். பிறகு தன் கூடப் பிறந்தவள் முன்னால், அவள் முகத்தைப் பார்க்காமல், தலையைத் தாழ்த்தி நின்றான்.

"தங்கச்சி செத்துட்டா தாயே. எடுத்துட்டுப் போகலாமா?"

"அண்ணே, நான் இங்கதான இருக்கேன்."

கோஹூ நிமிரவில்லை. "எடுத்துட்டுப் போகலாமா தாயே?"

"நானும் வரேன். குழியில வைக்கிறப்பவாச்சும் கூட இருக்கேன்."

"வேண்டாம்." அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். கண்கள் சிவந்திருந்தன. "எங்க ஆளுங்கள வைக்கிற எடத்துக்குப் பக்கத்துலதான் ஈரப்பலாவப் புதைச்சு வெச்ச களிக்குழி இருக்கு. வர்ற பஞ்சத்துக்கு அந்த ஒரு குழிதான். நீங்க கால வெச்சா அந்தக் களிய நாங்க தொட முடியாது. பிள்ளைங்க இருக்கு. தயவு பண்ணுங்க."

அவள் போகவில்லை. ஹினாதினியை ஒரு பழைய பாயில் சுற்றினார்கள். தலைப்பக்கத்தைக் கோஹூ பிடித்துக்கொண்டான். இறங்கும்போது சரிவில் கால் வழுக்கி, அந்தத் தலை பாறையில் மோதிய சத்தம் மேலே வரை கேட்டது. யாரும் ஓலமிடவில்லை.

பிறகு ஆற்றோரத்திலிருந்து ஒப்பாரி கிளம்பியது. "தேபுவா, தேபுவா, தண்ணி சுமந்தவளே, எங்க போன?" கோஹூவின் மனைவியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அவள் நிஜமாகவே அழுதாள். யாருக்காக என்று அவளுக்கே தெரிந்திருக்குமா? தேபுவாவின் அம்மா பெயர், அப்பா பெயர், அவள் சின்ன வயசில் மரத்திலிருந்து விழுந்தது, கல்யாணம் ஆகாமல் தலைவி வீட்டிலேயே கிடந்தது, எல்லாம் ஒவ்வொன்றாக மேலே ஏறி வந்தன. பெரிய வீட்டுப் பாயில் உட்கார்ந்து அவள் தன் வாழ்க்கையை முழுவதும் கேட்டாள். சின்ன வாழ்க்கைதான். சீக்கிரம் முடிந்துவிட்டது.

*

புஹேதே ஒரு கூடையோடு வந்தார்.

"எழுந்திருங்க தாயே. நம்ம வீட்டுல இருந்து ஒரு பிணம் போனா, அன்னிக்கே தாயா இருக்கறவ மேயேவுக்குப் போய்த் தன் பிள்ளைங்களக் கூப்பிட்டுக் களி வைக்கணும். இல்லேன்னா போற பிணத்துப் பின்னாடியே அதுங்களும் போயிடும்."

"போகட்டுமே," என்றாள் அவள். "அவங்கம்மா பின்னாடிதான போகும்."

"ஊர் பாத்துக்கிட்டு இருக்கு."

ஆலமரத்து வேர்கள் மதிலை விழுங்கியிருந்தன. புஹேதே மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டார். அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். அவள் கூடையோடு உள்ளே கால் வைத்தாள். ஒன்றும் ஆகவில்லை. உடம்பு வீங்கவில்லை. அங்கேயே அழுகி விழுந்தால் தேவலை என்று இருந்தது.

மேடையில் மூன்று சின்னக் கற்கள். மூன்றாவதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் காலியாக இருந்தது. யாரோ களை பிடுங்கிச் சுத்தமாக வைத்திருந்தார்கள். யாரோ என்ன, ஹினாதினிதான்.

"கூப்பிடுங்க," என்றார் மதிலுக்கு வெளியே இருந்தவர்.

"தேயிகி," என்றாள். மூத்தவன். அவனை இடுப்பில் தூக்கியிருக்கிறாள். களி ஒரு உருண்டை வைத்தாள்.

"பூதினா." களி வைத்தாள்.

மூன்றாவது கல்லின் முன்னால் நின்றாள். அது கைக்குழந்தை. பெயரிடும் விருந்துக்கு முன்னாலேயே போய்விட்டது. ஊருக்கு அதற்குப் பெயர் கிடையாது. ஹினாதினி மதிலுக்குள் வந்து அதை ஏதோ சொல்லித்தான் கூப்பிட்டாள். கூடையோடு வெளியே நின்ற நாட்களில் முணுமுணுப்பு கேட்டதுண்டு, சொல் கேட்டதில்லை. எத்தனையோ சாயங்காலம் மடியில் கிடந்தவளிடம் கேட்டிருக்கலாம். பேன் பற்றியும் இறால் பற்றியும் பேசித் தீர்த்தார்கள்.

"சின்னதையும் கூப்பிடுங்க," என்றார் புஹேதே.

அவள் கல்லுக்கு முன்னால் மண்டியிட்டாள். வாயைக் கல்லின் காதாக நினைத்த இடத்தில் வைத்தாள்.

"உன் பேரு எனக்குத் தெரியாது," என்றாள், வெளியே கேட்காதபடி. "உங்கம்மா ஆத்தோரம் கிடக்கா. மேல வரமாட்டா. காத்திருக்காத. நான் செத்தா என்னைத்தான் கொண்டாந்து உன் பக்கத்துல போடுவாங்க. என்னை மன்னிச்சுடு."

"காதுல விழல தாயே. ஊருக்கும் விழணும்."

தேபுவா எழுந்தாள். கடைசி உருண்டையை வைத்தாள். கையில் காய்ந்திருந்த ரத்தம் களியில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா வந்திருக்கேன்!" என்று உரக்கச் சொன்னாள்.

"நல்லது," என்றார் புஹேதே.